சத்தம் போதும், பரவல் வேண்டும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் எலெக்ட்ரிக் கிட்டாரின் ஆம்ப். அதன் விலையைப் பற்றிப் பேசப்போவதில்லை. வாட் கணக்கைப் பற்றிப் பேசப்போவதில்லை. டியூப் உசத்தியா, டிரான்சிஸ்டர் உசத்தியா என்ற வழக்கையும் தொடப்போவதில்லை. அந்த வழக்கு என் ஆயுளில் தீராது. நான் கேட்கப்போவது ஒரே கேள்வி. அந்தப் பெட்டியிலிருந்து புறப்படும் ஒலி யார் யாருக்குப் போய்ச் சேருகிறது?

எல்லோருக்கும்தானே என்பீர்கள். சோதித்துப் பார்த்துவிடலாம்.

இதோ மேடையில் ஓர் ஆம்ப் நிற்கிறது. உள்ளே ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். கிட்டாரை யாரும் வாசிக்கவில்லை. வால்யூமை ஏற்றி, ட்ரெபிளை முழுக்கத் திருப்பி வைத்திருக்கிறோம். 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வருகிறதல்லவா? நேர் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கை தூக்குங்கள். நல்லது, தெளிவாகக் கேட்கிறது. ஓரத்தில், அந்தத் தூண் பக்கம் இருப்பவர்கள்? உதட்டைப் பிதுக்குகிறீர்கள். இப்போது தம்பி ஆம்பை மெல்லத் தூண் பக்கமாகத் திருப்பட்டும். பாருங்கள், அங்கே கைகள் எழுகின்றன. நடுவில் எழுந்த கைகள் இறங்குகின்றன. வால்யூமை யாரும் தொடவில்லை, ட்ரெபிளையும் தொடவில்லை. பெட்டி திரும்பியது, அவ்வளவுதான்.

இதுதான் விஷயம். கிட்டார் ஆம்பின் கனத்த ஒலி விளக்கு வெளிச்சம்போல நாலாபக்கமும் பரவுகிறது. அதன் கூரிய ஒலியோ டார்ச் வெளிச்சம்போல நேராக மட்டும் போகிறது. ஒரே பெட்டி, ஒரே தந்தி, ஒரே விரல். ஆனால் நடுவில் இருப்பவர் ஒரு கிட்டாரைக் கேட்கிறார், ஓரத்தில் இருப்பவர் வேறொரு கிட்டாரைக் கேட்கிறார்.

ஏன் இப்படி? இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்படாதீர்கள், வகுத்தல் கணக்குதான். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 344 மீட்டர் ஓடுகிறது. அதை அதிர்வு எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். கிட்டாரின் தடித்த ஆறாம் தந்தியைச் சும்மா தட்டினால் 82 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் நாலு மீட்டருக்கு மேல். 1000 ஹெர்ட்ஸில் அது 34 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 4000 ஹெர்ட்ஸில் ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை.

இனி ஸ்பீக்கரைப் பாருங்கள். 12 இன்ச் என்பது சட்டத்தின் அளவு. உள்ளே அசைகிற காகிதக் கோனின் குறுக்களவு சுமார் 26 சென்டிமீட்டர். அலை கோனைவிட மிக நீளமாக இருக்கும்வரை கோன் ஒரு சின்னப் புள்ளிதான். ஒலி எல்லாப் பக்கமும் பரவும். சுமார் 400 ஹெர்ட்ஸ் வரை இந்த நிலைமை. அதற்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் குவியத் தொடங்கும். 1300 ஹெர்ட்ஸ் அருகே அலையின் நீளமும் கோனின் அகலமும் சமம். அதற்கு மேலே கோனின் ஒரு விளிம்பிலிருந்து வரும் ஒலியும் மறு விளிம்பிலிருந்து வரும் ஒலியும் பக்கவாட்டில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நேர் எதிரே மட்டும் எல்லாம் ஒன்றுசேரும். 4000 ஹெர்ட்ஸில் கணக்குப்படி இரண்டு பக்கமும் 25 டிகிரிக்குள் எல்லாம் அடங்கிவிட வேண்டும். நிஜத்தில் அந்த வேகத்தில் காகிதக் கோன் ஒரே பலகையாக அசைவதில்லை, பகுதி பகுதியாக நெளிகிறது. அதனால் கணக்கு சொல்வதைவிட நிலைமை கொஞ்சம் இளகித்தான் இருக்கும். ஆனாலும் இப்போது நீங்களே கேட்டீர்களே!

வீட்டில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? அதில் கூரிய ஒலிக்குத் தனியாக ஒரு இன்ச் அளவில் ட்வீட்டர் இருக்கிறது. சின்னது என்பதால் நன்றாகப் பரவுகிறது. கிட்டார் பெட்டியிலும் ஒன்றை மாட்டிவிட்டால் என்ன? மாட்டிப் பார்த்தவர்கள் கழற்றிவிட்டார்கள். டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும்போது ட்வீட்டரில் வருவது ஈ மொய்க்கிற சத்தம். கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் படுத்துவிடுகிறதே, அது அதன் குறை என்று நினைக்காதீர்கள். நாம் கிட்டார் ஒலி என்று காதலிப்பதே அந்தப் படுத்துப்போகிற ஒலியைத்தான். ஆகவே பெரிய கோனை வைத்துக்கொண்டேதான் நாம் பரவலைத் தேட வேண்டும்.

சரி, பரவாவிட்டால் என்ன நஷ்டம்? மேடையில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். ஆம்ப் தரையில் இருக்கிறது. வாசிப்பவர் அதற்கு மூன்றடி முன்னால் நிற்கிறார். ஸ்பீக்கர் அவருடைய முழங்காலைப் பார்க்கிறது. முழங்காலுக்கு ஏது காது? தலைக்கு வருவது மழுங்கிய ஒலி. அவர் குனிந்து ட்ரெபிளை ஏற்றுகிறார். இன்னும் போதவில்லை, மறுபடி ஏற்றுகிறார். இப்போது அவர் காதுக்குச் சரியாக இருக்கிறது. அதே நேரத்தில் இருபதடி தள்ளி, ஆம்புக்கு நேராக உட்கார்ந்திருக்கும் பெரியவர் காதைப் பொத்துகிறார். மிக்சரில் இருப்பவர் கையை ஆட்டி, குறை, குறை என்கிறார். "அண்ணே, எனக்கே கேக்கல, எதைக் குறைக்கிறது?" என்கிறார் கிட்டார்காரர். சண்டை வருகிறது. இதில் யார் பொய் சொல்கிறார்? யாருமே இல்லை! இருவர் சொல்வதும் உண்மை. அவர்கள் இருவரும் கேட்டது ஒரே ஒலியை அல்ல, அதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கல் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1965 ஆகஸ்ட் 15. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். பீட்டில்ஸ் வாசிக்கிறார்கள். கூட்டம் 55,000-க்கு மேல். கையில் இருந்தவை வாக்ஸ் கம்பெனியின் 100 வாட் ஆம்ப்கள். பாட்டு மைதானத்தின் ஒலிபெருக்கிகளில் போயிற்று. ரசிகர்களின் கூச்சலுக்கு முன்னால் அது எம்மாத்திரம்! அந்தக் காலத்து இசைக்காரர்களுக்கு அதில் கிடைத்த பாடம் ஒன்றே ஒன்று: இன்னும் சத்தம் வேண்டும்.

அதே ஆண்டில் லண்டனில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், ஆம்ப் தயாரிப்பாளர் ஜிம் மார்ஷலிடம் போய் எட்டு ஸ்பீக்கர் வைத்த ஒரே கேபினட் கேட்டார். மார்ஷல் செய்துகொடுத்தார். அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் முதுகு ஒடிகிறது என்றார்கள். எட்டை இரண்டு நாலாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். உலகமெங்கும் ராக் மேடையின் அடையாளமாகிப்போன மார்ஷல் ஸ்டாக் பிறந்த கதை இதுதான். பார்க்க எவ்வளவு கம்பீரம்! ஆனால் நண்பர்களே, அதில் சத்தம் கூடியதே தவிர பரவல் கூடவில்லை. பரவல் குறைந்துபோயிற்று.

எப்படிக் குறையும்? இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இரட்டிப்பாகப் பரவ வேண்டாமா? இதைத்தான் நிறையப் பேர் நம்புகிறார்கள். இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டின் மையத்துக்கும் இடையே 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே இருப்பவருக்கு இரண்டும் ஒரே தூரம். 45 டிகிரி ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்று பக்கம், மற்றது சுமார் 25 சென்டிமீட்டர் தூரம் கூட. 700 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். பாதி 25. அதாவது ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுகிற அதே கணத்தில் மற்றது இழுக்கிறது. கழித்தால் மிஞ்சுவது சொற்பம்.

700 ஹெர்ட்ஸ் என்றால் எது தெரியுமா? மெல்லிய முதல் தந்தியின் 13-ஆவது ஃப்ரெட். சோலோ வாசிக்கிற கை போய் நிற்கிற இடம். அங்கே நீங்கள் உயிரைக் கொடுத்து ஒரு சுரத்தை இழுக்கிறீர்கள். நடுவில் இருப்பவர் சிலிர்க்கிறார். ஓரத்தில் இருப்பவர் வேர்க்கடலை உரிக்கிறார். அவரைக் கோபிக்காதீர்கள், அந்தச் சுரம் அவருக்கு முழுதாகப் போய்ச் சேரவே இல்லை. சுவரில் பட்டுத் திரும்பிய மிச்சம்தான் சேர்ந்தது.

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி, நெட்டுக்குத்தலாக வையுங்கள்! அவ்வளவுதான். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போது இடது ஓரமானாலும் வலது ஓரமானாலும் இரண்டு ஸ்பீக்கரும் காதுக்கு ஒரே தூரம். பக்கவாட்டில் ஒரே ஒரு ஸ்பீக்கர் பரவுகிற அளவுக்குப் பரவும். மேலும் கீழும்தான் குறுகும். குறுகட்டுமே, விட்டத்தில் உட்கார்ந்து யார் கச்சேரி கேட்கிறார்கள்?

இது நமக்குப் புதிதா? நம் ஊர்க் கல்யாண மண்டபத்திலும் கோயில் மண்டபத்திலும் தூணோடு தூணாக நீளப் பெட்டி ஒன்று நிற்குமே, சவுண்ட் செட்காரர்கள் காலம் ஸ்பீக்கர் என்பார்களே, அது இதே தத்துவம்தான். ஒல்லியாக, உயரமாக, ஸ்பீக்கர்களை வரிசையாக மேலிருந்து கீழே அடுக்கியது. அகலமாகப் பரவும், ஆனால் கூரைக்கும் தரைக்கும் அதிகம் போகாது. அதைச் சில இடங்களில் மேடை விளிம்பில் படுக்கப்போட்டிருப்பார்கள். பார்க்க அடக்கமாக இருக்கிறதாம். படுக்கப்போட்ட உடனே பரவல் தலைகீழாகிவிடுகிறது: கூரைக்கு அகலமாக, ஜனங்களுக்குக் குறுகலாக. அடுத்த முறை பார்த்தால் தயவுசெய்து நிமிர்த்தி வையுங்கள்.

இந்தத் தத்துவத்தைக் கிட்டாருக்கு மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவினர். 1974 மார்ச் 23 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் கவ் பேலஸ் அரங்கில் அவர்கள் எழுப்பியதற்குப் பெயர் ஒலிச் சுவர். குழுவின் ஒலிப் பொறியாளர் ஓஸ்லி ஸ்டான்லியும் அவருடைய கூட்டாளிகளும் கட்டியது. நூற்றுக்கணக்கான ஸ்பீக்கர்கள், மாடிவீடு மாதிரி உயரம். அதன் அளவை விடுங்கள், அதன் அமைப்பைப் பாருங்கள். கிட்டாருக்குத் தனித் தூண். பேஸுக்குத் தனித் தூண். எல்லாம் நெட்டுக்குத்தலாக, வாசிப்பவர்களுக்குப் பின்னால். கூட்டம் எதைக் கேட்டதோ அதையே வாசித்தவரும் கேட்டார். மேடைக்கு ஓர் ஒலி, கூட்டத்துக்கு ஓர் ஒலி என்ற பேதமே இல்லை. பாடுகிற மைக்கில் பின்னாலிருந்து வரும் அத்தனை சத்தமும் புகுந்துவிடாதா? அதற்கு இரண்டிரண்டு மைக்கை எதிரெதிர்த் திசையில் இணைத்து, ஒன்றில் மட்டும் பாடச் செய்தார்கள்; இரண்டிலும் பொதுவாக விழுந்த சத்தம் கழிந்துபோயிற்று. என்ன மூளை! ஆனால் அதை லாரி லாரியாக ஏற்றி இறக்கிய செலவு கட்டுப்படியாகவில்லை. அதே ஆண்டு அக்டோபரோடு கதை முடிந்தது. 2003-இல் போஸ் கம்பெனி எல்-1 என்ற பெயரில் 24 சின்ன ஸ்பீக்கர்களை ஒரே கம்பத்தில் அடுக்கி விற்றபோது, அந்தத் தூணின் பேரப்பிள்ளை என்றுதான் எனக்குத் தோன்றியது.

சுவர் எழுப்ப நமக்கு வசதி இல்லை. வேறு வழி என்ன? கிப்சன் கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் ஜிஏ-79 என்று ஓர் ஆம்ப் செய்தது. பெட்டியின் முகப்பையே இரண்டாக மடித்து, ஒரு 10 இன்ச் ஸ்பீக்கர் இடது பக்கமும் இன்னொன்று வலது பக்கமும் பார்க்கும்படி வைத்தார்கள். ஒவ்வொன்றும் தன் பக்கத்து ஜனங்களைக் கவனித்துக்கொள்ளும். உங்களிடம் தனித்தனி ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு இருந்தால் இதை இன்று ராத்திரியே செய்யலாம். முதுகு ஒட்டினாற்போல் வைத்து முகங்களை வெளிப்பக்கம் திருப்புங்கள்.

டான் லெஸ்லி போன வழி வேறு. 1940-களிலேயே ஹாமண்ட் ஆர்கனுக்காக அவர் கூரிய ஒலிக்கான கொம்பையே மோட்டாரில் சுழலவிட்டார். பிறகு 1967-இல் ஃபெண்டர் கம்பெனி வைப்ரடோன் என்று கிட்டாருக்கும் அப்படி ஒரு பெட்டி கொண்டுவந்தது. சுழல்கிற ஒலி எல்லோர் முகத்திலும் முறை வைத்துப் படும். அழகான ஒலிதான், ஆனால் அது கூடவே ஒரு நடுக்கத்தையும் கொண்டுவருகிறது, எல்லாப் பாட்டுக்கும் ஆகாது. 1975-இல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ் ஆம்பையும் பரவலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் சற்றே வேறுபட்ட ஒலியைக் கொடுத்து அது விரிந்த உணர்வைத் தருகிறது. உணர்வு விரிவது வேறு, ஓரத்து நாற்காலிக்கு ட்ரெபிள் போய்ச் சேர்வது வேறு.

இனி, இருக்கிற பெட்டிக்குள்ளேயே செய்யக்கூடிய கைவேலை. இரண்டு உண்டு. ஒன்று, அமெரிக்காவின் வெபர் கம்பெனி விற்கிற பீம் பிளாக்கர். கோனின் நடுவுக்கு எதிரே ஒரு சின்ன உலோகக் குமிழை நிறுத்துவார்கள். நேராகப் பாய்கிற கூரிய ஒலி அதில் மோதிச் சிதறும். சிலர் காசு செலவழிக்காமல் கிரில் துணியின் நடுவில் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவார்கள். பலன் உண்டு, அழகு இல்லை. இரண்டாவது எனக்குப் பிடித்தது. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஜே மிட்செல் பெயரால் மிட்செல் டோனட் என்கிறார்கள். உளுந்து வடை வடிவத்தில் ஒரு ஸ்பாஞ்ச், நடுவில் மூன்று இன்ச் ஓட்டை. அதைக் கோனின் மேல் படாமல் அதற்கு முன்னால் பொருத்த வேண்டும். கனத்த ஒலி ஸ்பாஞ்சை மதிக்காமல் வெளியே வந்துவிடும். கூரிய ஒலி ஸ்பாஞ்சில் மாட்டிக்கொள்ளும். நடு ஓட்டை வழியாக வருவது மட்டும் வெளியே வரும். அப்படியானால் ட்ரெபிளைப் பொறுத்தவரை உங்கள் 12 இன்ச் ஸ்பீக்கர் இப்போது மூன்று இன்ச் ஸ்பீக்கர்! சின்னது நன்றாகப் பரவும் என்று கொஞ்ச நேரம் முன்பு பார்த்தோமே, அந்த நியாயம்தான். ஒன்றைக் கவனியுங்கள். ஊதினால் காற்று மறுபக்கம் போகிற ஸ்பாஞ்சாக இருக்க வேண்டும். பார்சலில் வருகிற காற்றுப் புகாத ஃபோமைச் செருகிவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

முதுகு திறந்த பெட்டி, மூடிய பெட்டி என்ற பேச்சும் உண்டு. பழைய ஃபெண்டர் ஆம்ப்களும் வாக்ஸ் ஏசி-30-உம் முதுகு திறந்தவை. பின்னாலும் ஒலி போய், சுவரில் பட்டு, மேடையை நிரப்பும். அப்படிப்பட்ட ஆம்பைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், இரண்டு மூன்று அடி விடுங்கள். மூடிய பெட்டி முன்னால்தான் பேசும்.

இங்கே ஒரு தடை எழும். நம் மண்டபங்களில் தரை கிரானைட், சுவர் சிமென்ட், கூரை கான்கிரீட். ஏற்கெனவே எல்லாம் எதிரொலித்துக் குழம்புகிறது. அங்கே போய் இன்னும் பரப்பச் சொல்கிறாயே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாத் திசையிலும் பரப்பினால் குழப்பம் கூடத்தான் செய்யும். அதனால்தான் நிமிர்த்தி வையுங்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஜனங்கள் இருக்கிற அகலத்துக்குப் பரவட்டும், கூரைக்குப் போக வேண்டாம். மனித உடம்பும் சட்டையும் புடவையும் ஒலியை உறிஞ்சும், கான்கிரீட் உறிஞ்சாது. கூடவே சத்தத்தையும் குறையுங்கள். எல்லோருக்கும் ட்ரெபிள் போய்ச் சேர்ந்துவிட்டால் வால்யூமைத் தள்ள வேண்டிய தேவையே பாதி போய்விடும்.

பெரிய அரங்கமாக இருந்தால் ஆம்பை நம்பவே நம்பாதீர்கள். மைக் வைத்து மிக்சருக்குக் கொடுங்கள். பரப்புகிற வேலையை அரங்கத்தின் ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்-57 மைக் இன்றைக்கும் அதற்குப் போதும். அதைக் கோனின் நடுவில் வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு இரண்டு இன்ச் நகர்த்தினால் மென்மை. மேடையில் உங்கள் காதுக்கு மட்டும் ஆம்ப். அதை நாற்காலியிலோ ஸ்டேண்டிலோ ஏற்றுங்கள், அல்லது சாய்த்து முகத்தைப் பார்க்க வையுங்கள். ஃபெண்டர் ட்வின் ரிவர்பின் இரண்டு பக்கமும் உலோகக் கால் இருக்குமே, அழகுக்கு வைத்ததல்ல அது, பெட்டியைச் சாய்த்து நிறுத்துவதற்கு! தரையை விட்டு எழுந்தால் பேஸின் தேவையில்லாத உப்பலும் இறங்கும்.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். அடுத்த கச்சேரியில் சவுண்ட் பார்க்கிற நேரத்தில் கிட்டாரை நண்பரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மேடையை விட்டு இறங்கி நடு வரிசை, இடது ஓரம், வலது ஓரம், கடைசி வரிசை என்று நடந்து கேளுங்கள். நேர் எதிரே நின்று கேட்டு ட்ரெபிளைத் தீர்மானியுங்கள், ஓரத்தில் நின்று பெட்டியின் இடத்தைத் தீர்மானியுங்கள். இவ்வளவும் செய்து முடித்த பிறகும் போதவில்லை என்றால் மட்டும் வால்யூமைத் தொடுங்கள். இந்த ஆம்பும் ஒரு மிட்செல் டோனட்டும் மேடையிலேயே இருக்கும். வேண்டியவர்கள் இப்போதே வந்து மாட்டிப் பார்க்கலாம்.